டெண்டர் இல்லாமல் அரசு நிறுவனத்துக்கே வேலை கொடுப்பது சரியா?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "எங்கள் நகராட்சியில் சமுதாயக் கூடம் ஒன்று கட்டப் போகிறார்கள். டெண்டர் விடாமல் ஓர் அரசு நிறுவனத்துக்கு நேரடியாகக் கொடுத்துவிட்டார்கள். கேட்டால், 'அந்த நிறுவனத்துக்கு டெண்டர் சட்டத்திலிருந்து விலக்கு இருக்கிறது, பணம் அரசாங்கத்துக்குள்ளேதானே சுற்றுகிறது' என்கிறார்கள். இது சட்டப்படி சரியா? சரி என்றாலும் நல்லதுதானா?"

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சட்டப்படி பார்த்தால், முறையான விலக்கு ஆணை இருக்கும்வரை, பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நல்லதா என்பதற்குப் பதில் ஒரே ஒரு விஷயத்தில் இருக்கிறது: விலக்கு பெற்ற நிறுவனம் அந்த வேலையைத் தன் ஆட்களை வைத்துத் தானே செய்கிறதா, இல்லை வேறொருவருக்குக் கைமாற்றி விடுகிறதா? தானே செய்தால் விலக்குக்கு நியாயம் உண்டு. கைமாற்றி விட்டால், டெண்டர் விட வேண்டிய இடம் ஒரு படி கீழே இறங்கி, யார் கண்ணிலும் படாத இடத்துக்குப் போய்விட்டது என்று பொருள். தணிக்கைப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், "பணம் அரசுக்குள்ளேதான்" என்ற வாதத்தைக் கோப்புகளில் நிறையப் படித்திருக்கிறேன். அந்தப் பணத்தின் பின்னாலேயே போய்ப் பார்த்தால் பல நேரங்களில் அது அரசுக்குள் நிற்பதில்லை.

முதலில் சட்டம். அரசுக் கொள்முதலுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்த முதல் மாநிலம் தமிழ்நாடு: 1998ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம். அடுத்த ஆண்டே கர்நாடகம் தன் சட்டத்தை இயற்றியது. இரண்டிலும் விலக்குப் பிரிவு உண்டு. நம்முடையதில் அது 16ஆம் பிரிவு, கர்நாடகத்தில் 4ஆம் பிரிவு. இயற்கைப் பேரிடர், அரசு அறிவித்த அவசர நிலை, ஒரே ஒருவரிடம் மட்டும் கிடைக்கும் பொருள் என்று காரணங்கள் வரிசையாக வரும். இவற்றில் யாருக்கும் பெரிய கருத்து வேறுபாடு இருக்க முடியாது. வெள்ளத்தில் ஊர் மூழ்கிக் கிடக்கும்போது ஒப்பந்தப்புள்ளி திறக்கும் தேதிவரை காத்திருக்க யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரே இடத்தில்தான் கிடைக்கிறது என்று சொல்லி விலக்குக் கேட்டால், கர்நாடகச் சட்டப்படி மூன்று நிபுணர்கள் கொண்ட குழு அதை ஆராய்ந்து சொல்ல வேண்டும். வாங்கும் அமைப்பிலிருந்து ஒருவர், அதே வகைக் கொள்முதல் செய்யும் இன்னொரு அரசு அமைப்பிலிருந்து ஒருவர், கல்வி அல்லது ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஒருவர். நல்ல ஏற்பாடு.

சிக்கல் வேறிடத்தில். கர்நாடகச் சட்டத்தின் 4(ஜி) உட்பிரிவு, குறிப்பிட்ட கொள்முதல்களுக்கு அரசே அறிவிக்கை வெளியிட்டு விலக்குத் தரலாம் என்கிறது. காரணம் இன்னதாகத்தான் இருக்க வேண்டும் என்று வரையறை இல்லை. பெங்களூரு செய்தித்தாள்களைப் படிப்பவர்களுக்கு "ஃபோர் ஜி" என்றால் முதலில் இந்தப் பிரிவுதான் நினைவுக்கு வரும். அந்த அளவுக்கு அது புழங்கிவிட்டது.

இந்தப் பிரிவோடு அதிகம் பேசப்படும் நிறுவனத்தின் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் விலக்கு எப்படித் தடம் மாறும் என்பதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. கர்நாடகத்தில் 1970களின் தொடக்கத்தில் "லேண்ட் ஆர்மி" என்றோர் அமைப்பு உருவானது. 1974இல் அது அரசு கம்பெனியானது. நோக்கம் உயர்ந்தது: கிராமத்து இளைஞர்களைச் சேர்த்து, சாலை, குளம், பள்ளிக் கட்டடம் போன்ற வேலைகளை அவர்களைக் கொண்டே செய்விப்பது, காண்ட்ராக்டர் என்ற இடைத்தரகரே இல்லாமல் கூலி நேராகத் தொழிலாளிக்குப் போவது. இப்படிப்பட்ட அமைப்பைப் போய் டெண்டரில் காண்ட்ராக்டர்களோடு போட்டி போடச் சொல்வதில் பொருளே இல்லை. அதற்கு விலக்கு வேண்டும், நானும் கொடுத்திருப்பேன்.

2009இல் அது கர்நாடக ஊரக உள்கட்டமைப்பு வளர்ச்சி நிறுவனம் என்று பெயர் மாறியது; சுருக்கமாகக் கே.ஆர்.ஐ.டி.எல். பெயரில் ஊரகம் இருந்தாலும் பெங்களூரு மாநகராட்சியின் வேலைகள்கூட விலக்கின் பேரில் அதனிடம் ஒப்படைக்கப்பட்டன. அதன் மீது திரும்பத் திரும்ப எழும் குற்றச்சாட்டு என்ன தெரியுமா? வேலையை வாங்கித் துணை ஒப்பந்ததாரர்களிடம் கொடுத்துவிடுகிறது என்பதுதான். எந்தக் காண்ட்ராக்டரை ஒழிக்க அந்த அமைப்பு பிறந்ததோ, அவர் டெண்டரில் போட்டியிடாமலே பின்வாசல் வழியாக உள்ளே வர அதன் விலக்கே வழியாகிவிட்டது என்று குறை சொல்லும் நிலை. விலக்கைக் கொடுத்த காரணம் போய்விட்டது, விலக்கு மட்டும் அப்படியே நின்றது.

இது ஒரு மாநிலத்துக்கு மட்டும் உரிய நோய் இல்லை. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2003 அக்டோபரிலேயே இதைப் பற்றிச் சுற்றறிக்கை விட்டது. கட்டுமானப் பொதுத்துறை நிறுவனங்கள் தாங்கள் பெற்ற வேலைகளை அப்படியே வேறு காண்ட்ராக்டர்களுக்கு மாற்றிக் கொடுக்கும்போது, டெண்டர் கோராமல், அவர்களுடைய தகுதியையும் அனுபவத்தையும் பார்க்காமல், தன்னிச்சையாகக் கொடுக்கின்றன என்று ஆய்வில் தெரிந்ததாக அதில் சொல்லியிருந்தார்கள்.

இதில் பணம் எப்படி நகர்கிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் காட்டுகிறேன். உங்கள் சமுதாயக் கூடத்தின் எஸ்டிமேட் 1 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நகராட்சியே டெண்டர் விட்டால், நாலைந்து பேர் கேட்டு, ஒருவர் 90 லட்சத்துக்குச் செய்கிறேன் என்று வந்தால், மிச்சமாகும் 10 லட்சம் நகராட்சியின் பணம். அதே வேலையை நேரடியாக ஓர் அரசு நிறுவனத்துக்குக் கொடுத்தால், எஸ்டிமேட் தொகை முழுவதும் அங்கே போகும். அதோடு சேவைக் கட்டணமும் சேரும். அலுவலக மொழியில் சென்டேஜ். அந்த நிறுவனம் கீழே ஒரு காண்ட்ராக்டருக்கு 85 லட்சத்துக்கு வேலையைக் கொடுத்தால், இடையிலுள்ள 15 லட்சம் யாருடையது? ஒப்பந்தத்தில் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதியிருந்தால் நகராட்சிக்கு வரும். அப்படி எழுதிய ஒப்பந்தங்கள் குறைவு. பல நேரங்களில் 85 லட்சம் என்ற எண்ணே நகராட்சிக்குத் தெரியாது.

சென்டேஜில் இன்னொரு கோளாறும் உண்டு. வேலையின் மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று கட்டணம் வைத்தால், மதிப்பு ஏற ஏறக் கட்டணமும் ஏறும். செலவைக் குறைக்க வேண்டியவருக்கே செலவு கூடினால் லாபம். இதை உணர்ந்துதான் மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017இல், 133ஆம் விதியின் கீழ் இரண்டு நிபந்தனைகளைப் போட்டன. பொதுத்துறை நிறுவனங்களிடம் வேலையை ஒப்படைக்கும்போது அவற்றுக்குள்ளாவது போட்டி இருக்க வேண்டும். அந்தப் போட்டி மொத்தத் தொகையாகக் கேட்கும் சேவைக் கட்டணத்தின் மீது நடக்க வேண்டும். நேரடி நியமனம் விதிவிலக்கான சூழலில் மட்டும். விதியாக எழுதப்பட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவற்றுள் இது ஒன்று. மாநிலங்களும் உள்ளாட்சிகளும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கட்டடம் கட்டி முடிந்த பிறகுதான் உண்மையான வலி தெரியும். மழைக்காலத்தில் கூரை ஒழுகுகிறது என்று வையுங்கள். டெண்டர் மூலம் கொடுத்திருந்தால் ஒப்பந்தம் நகராட்சிக்கும் காண்ட்ராக்டருக்கும் இடையில். அவருடைய பிடித்தத் தொகை நகராட்சியின் கையில் இருக்கும். குறை தீர்க்கும் காலம் முடியும்வரை அவரைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்லலாம். இங்கே நகராட்சிக்கும் அந்தக் காண்ட்ராக்டருக்கும் ஒரு வரி ஒப்பந்தம்கூடக் கிடையாது. எம்-புக்கில், அதாவது முடிந்த வேலையின் அளவைப் பதியும் புத்தகத்தில், அளவு எழுதியவர் அந்த நிறுவனத்தின் பொறியாளர், சரிபார்த்தவரும் அங்கே உள்ளவர். நகராட்சிப் பொறியாளர் எங்கேயும் கையெழுத்துப் போடவில்லை. நான் பார்த்த ஒரு கோப்பில், பெயர் வேண்டாம், ஒழுகும் கூரைக்காக மூன்று அலுவலகங்கள் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொண்டே இருந்தன. கடைசியில் நகராட்சி தன் பொது நிதியிலிருந்து புதிதாக ஓர் எஸ்டிமேட் போட்டு ஒட்டுவேலை செய்தது. முதல் கட்டணமும் போய், இரண்டாவது செலவும் மக்கள் தலையில்.

அப்புறம், மார்ச் மாதம். நேரடி ஒப்படைப்புக்குப் பின்னாலுள்ள உண்மையான காரணம் பல நேரங்களில் வேகமோ தரமோ இல்லை, காலண்டர்தான். ஒதுக்கிய நிதியை மார்ச் 31க்குள் செலவு காட்டாவிட்டால் காலாவதியாகிவிடும். டெண்டர் விட்டு முடிக்க நேரமில்லை. ஆகவே மார்ச் கடைசி வாரத்தில் ஒரு கோப்பு அவசரமாக நகரும்: அரசு நிறுவனத்துக்கு வேலை ஒப்படைப்பு, முழுத் தொகையும் முன்பணம். பணம் அந்த நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குப் போன அன்றே அது "செலவு" ஆகிவிடும். அதை வைத்துப் பயன்பாட்டுச் சான்றும் மேலே போய்விடும். ஆனால் நிலத்தில் ஒரு செங்கல்கூட விழுந்திருக்காது. வட்டி அந்த நிறுவனத்தின் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். ஆண்டுக் கடைசியில் அள்ளிச் செலவழிப்பது நிதி ஒழுங்கை மீறுவதாகும் என்று மத்திய விதிகளே சொல்கின்றன. உங்கள் ஊர்க் கோப்பில் முதலில் தேதியைப் பாருங்கள். மார்ச் 20க்குப் பிறகு என்றால் மற்றதை நிதானமாகப் படியுங்கள்.

நீதிமன்றம் என்ன சொல்கிறது என்றும் கேட்பீர்கள். மீரட் மாநகராட்சிக்கும் ஓர் இறைச்சி ஏற்றுமதி நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், அரசு ஒப்பந்தங்கள் பொதுவாக வெளிப்படையான ஏலம் அல்லது டெண்டர் மூலமே தரப்பட வேண்டும், அதுவே அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவு கேட்கும் சமத்துவம் என்றது. பேரிடர், ஒரே விற்பனையாளர், பலமுறை ஏலம் விட்டும் ஆள் வராத நிலை போன்ற அரிய சூழல்களில் விலகலாம் என்றும் சொன்னது. "அரசு நிறுவனம் என்பதாலேயே விலகலாம்" என்பது அந்த எடுத்துக்காட்டுகளில் இல்லை. ஊழல் கண்காணிப்பு ஆணையம் அடுத்த ஆண்டே இந்தத் தீர்ப்பை எல்லா அமைப்புகளுக்கும் சுற்றுக்கு விட்டது.

இதே கேள்வியை ஐரோப்பா எதிர்கொண்ட விதம் நமக்கு உதவும். இத்தாலியில் வியானோ என்ற சிற்றூரின் நிர்வாகம், தன் கட்டடங்களுக்கு வெப்பமூட்டும் பணியை, பல ஊராட்சிகள் சேர்ந்து நடத்தும் ஒரு கூட்டமைப்புக்கு டெண்டர் இல்லாமல் கொடுத்தது. டெக்கால் என்ற தனியார் நிறுவனம் வழக்குப் போட்டது. 1999இல் ஐரோப்பிய நீதிமன்றம் இரண்டு அளவுகோல்களைச் சொன்னது. வேலையைப் பெறும் அமைப்பின் மீது, தன் சொந்தத் துறையின் மீது இருப்பதைப் போன்ற கட்டுப்பாடு வேலை கொடுப்பவருக்கு இருக்க வேண்டும். அந்த அமைப்பு தன் வேலையின் பெரும்பகுதியைத் தன்னை ஆளும் உள்ளாட்சிகளுக்கே செய்ய வேண்டும். 2014ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய நெறியில் அந்தப் "பெரும்பகுதி" 80 விழுக்காட்டுக்கு மேல் என்று எண்ணாகவே வந்துவிட்டது. இடையில் 2005இல், ஜெர்மனியின் ஹாலே நகர வழக்கில், தனியார் பங்கு சிறிதளவு இருந்தாலே இந்த விலக்கு கிடையாது என்றும் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்த அளவுகோலை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். மத்திய அரசின் கட்டுமான நிறுவனமான என்.பி.சி.சி. 2012இல் பங்குச் சந்தைக்கு வந்தது. ரயில்வே துறையின் கீழுள்ள அரசு நிறுவனங்களான இர்கானும் ரைட்ஸும் 2018இல் வந்தன. பெரும்பங்கு அரசிடம் இருந்தாலும் மீதிப் பங்குகள் சந்தையில் கைமாறுகின்றன, லாபத்தில் ஒரு பகுதி தனியார் பங்குதாரர்களுக்குப் போகிறது. இதில் தவறு ஏதும் இல்லை. திறமையான நிறுவனங்கள் அவை. ஆனால் "பணம் அரசுக்குள்ளேதான்" என்ற வாதம் இங்கே அப்படியே பொருந்தாது. திறமை இருக்கும் நிறுவனம் போட்டியில் வந்து வேலையை எடுத்துக்கொள்ளலாமே.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். டெண்டர் நடைமுறை மெதுவானது, சில நேரம் வேலையையே கொன்றுவிடும் அளவுக்கு மெதுவானது. மிகக் குறைந்த விலைக்குத்தான் தர வேண்டும் என்பதால் கையாலாகாதவர் உள்ளே வந்து பாதியில் விட்டுப் போவதும் உண்டு. கைத்தறிக் கூட்டுறவுச் சங்கம், சிறைத் தொழிற்கூடம், மகளிர் சுயஉதவிக் குழு போன்றவற்றைப் பெரிய ஆலையோடு விலையில் மோதவிட்டால் அவை அழிந்துபோகும். நெசவாளிக்கு ஆண்டு முழுவதும் தறி ஓட வேண்டும் என்பது ஒரு சமூக முடிவு. அதற்காகக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பது நியாயம், டெண்டர் விலக்கு அங்கே மனசாட்சியோடு தரப்படுகிறது. அப்போதும், துணி அந்தத் தறியில்தான் நெய்யப்பட்டதா, வெளிச்சந்தையில் விசைத்தறித் துணியை வாங்கி முத்திரை குத்தியதா என்று பார்க்காமல் விட்டால், அந்தக் கூடுதல் விலை நெசவாளிக்குப் போய்ச் சேராது.

சட்டமே தடை, விலக்குக் கொடுத்தால் எல்லாம் வேகமாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஒரு பெரிய சோதனை அமெரிக்காவில் நடந்திருக்கிறது. அங்கே வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு முறையை நவீனமாக்கும் திட்டம் பெரும் பணத்தை விழுங்கி, 1994இல் அதன் முக்கியப் பகுதிகள் கைவிடப்பட்டன. கூட்டாட்சிக் கொள்முதல் விதிகள்தான் தங்களை முடக்குகின்றன என்று விமானப் போக்குவரத்து நிர்வாகம் முறையிட்டது. நாடாளுமன்றம் 1995இல் அந்த நிர்வாகத்துக்கு மொத்தமாகவே விலக்கு அளித்தது. 1996 ஏப்ரல் முதல் அது தன் சொந்தக் கொள்முதல் முறையை நடத்தத் தொடங்கியது. அதே ஆண்டு ஸ்டார்ஸ் என்ற புதிய கட்டுப்பாட்டுக் கணினி முறைக்கு ஒப்பந்தம் போட்டது. 172 நிலையங்களில் 94 கோடி டாலரில் 2005க்குள் முடிப்பதாகத் திட்டம். 2004இல் நிலவரம்: 47 நிலையங்களுக்கு மட்டும் 146 கோடி டாலர். தாமதத்துக்குப் பெரிய காரணம், அந்தத் திரைகளின் முன்னால் உட்கார்ந்து வேலை செய்யப்போகும் கட்டுப்பாட்டாளர்களிடம் என்ன தேவை என்று தொடக்கத்திலேயே சரியாகக் கேட்டு எழுதாதது. தேவையைச் சரியாக எழுதாவிட்டால் விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் திட்டம் இழுக்கும். நம்மூர் எஸ்டிமேட்டுகளுக்கும் இது அப்படியே பொருந்தும்: மண் பரிசோதனை செய்யாமல் போட்ட எஸ்டிமேட்டை யாரிடம் கொடுத்தாலும் கூடுதல் செலவுக் கோப்பு வரும்.

அவசர கால விலக்கு பற்றி ஒரு வார்த்தை. கொரோனா தொடங்கிய மாதங்களில் பிரிட்டன் அரசு, 2020 ஜூலை முடிவதற்குள் 1,800 கோடி பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டது. அதில் 1,050 கோடி போட்டியே இல்லாமல் தரப்பட்டது என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் கண்டது. அவசரம் உண்மை. ஆனால் அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் வழியாக வந்த விற்பனையாளர்களுக்குத் தனி வரிசை இருந்தது. அந்த வரிசையில் பத்தில் ஒருவருக்கு ஒப்பந்தம் கிடைத்தது, வெளி வரிசையில் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. 2022 ஜனவரியில் லண்டன் உயர் நீதிமன்றம் அந்தத் தனி வரிசை சட்டவிரோதம் என்றது. டெண்டரை விட்டுவிடலாம், எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தும் கடமையை விட முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

சரி, நல்ல விலக்கு எப்படி இருக்கும்? அதற்கு வெளிநாடு போக வேண்டாம். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பாருங்கள். அரசு மருத்துவமனைகள் தமக்கு வேண்டிய மருந்தில் பெரும்பகுதிக்குத் தனித்தனியாக டெண்டர் விடுவதில்லை; கழகத்திடமிருந்து எடுத்துக்கொள்கின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் ஓர் அரசு அமைப்பு இன்னோர் அரசு அமைப்பிடம் போட்டியில்லாமல் வாங்குவதுதான். ஆனால் கழகம் மாநிலம் முழுவதற்குமான தேவையை ஒன்றாகச் சேர்த்துத் திறந்த டெண்டர் விடுகிறது. மருந்துகளைப் பொதுப்பெயரில் வாங்குகிறது. வந்த சரக்கின் மாதிரிகளை, தயாரிப்பாளர் யார் என்று தெரியாதபடி குறியீடு போட்டு ஆய்வகங்களுக்கு அனுப்புகிறது. மருத்துவமனைக்குப் பாஸ்புக் உண்டு, எடுத்த மருந்தின் மதிப்பு அதில் கழியும். போட்டி ஒரு படி கீழே போனது, ஆனால் வெளிச்சத்திலேயே போனது, விலையும் இறங்கியது. கேரளமும் ராஜஸ்தானும் இந்த முறையைப் பின்பற்றித் தங்கள் கழகங்களை அமைத்தன. தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் மாணவர்களுக்கான மடிக்கணினிகளைத் துறை சார்பில் டெண்டர் விட்டு வாங்கிக் கொடுத்ததும் இதே வழிதான்.

ஆகவே என் நிலைப்பாடு இது: நிறுவனத்தின் பெயருக்கு நிரந்தரமாக விலக்குத் தரக் கூடாது, இன்ன வேலைக்கு, இன்ன காரணத்துக்கு, இன்ன தேதிவரை என்று தர வேண்டும். சொந்த ஆட்களால் செய்யாத எந்தப் பகுதியையும் அந்த நிறுவனம் திறந்த டெண்டரில் விட வேண்டும், அதில் மிச்சமாகும் தொகை வேலை கொடுத்தவருக்குத் திரும்ப வேண்டும் என்று விலக்கு ஆணையிலேயே எழுத வேண்டும். இவ்வளவு செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

உங்கள் சமுதாயக் கூடத்துக்கு இப்போது என்ன செய்யலாம்? தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு மனுக்கள் போடுங்கள். ஒன்று நகராட்சிக்கு: விலக்கு அளித்த அரசாணை, மன்றத் தீர்மானம், ஒப்படைப்பு ஒப்பந்தம், பணம் கொடுத்த தேதிகள். இன்னொன்று அந்த அரசு நிறுவனத்துக்கு, அதுவும் இந்தச் சட்டத்தின் கீழ் வரும் பொது அமைப்புதான்: இந்த வேலையை யாருக்குத் துணை ஒப்பந்தமாகக் கொடுத்தீர்கள், எந்த முறையில் தேர்ந்தெடுத்தீர்கள், எந்த விலைக்கு, எம்-புக் நகல், நகராட்சி கொடுத்த முன்பணத்துக்கு வந்த வட்டி எவ்வளவு. வர்த்தக ரகசியம் என்று 8(1)(டி) பிரிவைக் காட்டி மறுக்கலாம். பொதுநலன் அதைவிடப் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்று அதே பிரிவில் இருக்கிறது. முதல் மேல்முறையீட்டில் அதை எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் வார்டு உறுப்பினரிடமும் ஒரு வேலை சொல்லுங்கள்: அடுத்த மன்றக் கூட்டத்தில், கட்டடத்தின் குறை தீர்க்கும் பொறுப்பை எத்தனை ஆண்டுகளுக்கு அந்த நிறுவனம் ஏற்கிறது என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லட்டும். கூரை போடுவதற்கு முன்பே அது எழுத்தில் இருக்க வேண்டும்.